குறைக்க ஒன்றுமில்லாத கட்டிடம்

வாரியத்திலிருந்து வரும் கடிதத்தை நின்றுகொண்டு படிக்கக் கூடாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தையல்காரருக்கும் தெரியும். ஆனாலும் அன்று காலை அவர் வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு நின்றபடியேதான் படித்தார். இரண்டாவது பத்தியில் ஊசிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்றாவது பத்தியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு செத்தாங்க?" என்று கட்டிலிலிருந்து அக்கா கேட்டாள்.

"யாரும் சாகலக்கா. கரண்டைக் குறைக்கச் சொல்றாங்க."

"யாரை? நம்மளையா?"

"நம்மளைத்தான்."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறிவிட்டது.

கடிதம் அனுப்பியது பழங்கட்டிட எரிசக்திச் சிக்கன மற்றும் கரிக்குறைப்பு வாரியம். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர்களுக்குத்தான் அங்கே பதவி உயர்வு என்று ஒரு பேச்சு உண்டு. நாற்பது வயது கடந்த கட்டிடங்கள் எல்லாம் ஆறு மாதத்துக்குள் தங்கள் மின்சாரச் செலவில் நூற்றுக்கு முப்பது பங்கைக் குறைத்தாக வேண்டும். குறைக்காத கட்டிடத்தின் வாசலில் சிவப்புப் பலகை மாட்டப்படும். பலகை மாட்டிய பதினைந்தாம் நாள் குடியிருப்பவர்கள் வெளியேற்றப்படுவார்கள். எல்லாம் அவர்களுடைய நன்மைக்காகத்தான் என்று கடைசி வரியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அந்தக் கட்டிடத்தை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தக் கடிதத்தை நம்ப மாட்டார்கள். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. ஒரு முழம் கனத்தில் சுவர். மொட்டைமாடித் தளத்துக்கு அடியில் மண்சட்டிகளைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கிப் பூசியிருந்தார் எந்தக் காலத்திலோ ஒரு மேஸ்திரி. அதனால் வெயில் தளத்தோடு நின்றுவிடும். நடுவில் தரையிலிருந்து வானம் வரை திறந்த ஒரு சதுரம். குடியிருப்பவர்கள் அதைக் கூண்டு என்பார்கள். மேலே சூடேறிய காற்று கூண்டு வழியாகக் கிளம்பிப் போக, தெருப்பக்கத்து நிழலிலிருந்து புதுக்காற்று ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து வரும். கோடையில்கூட மத்தியானத்தில் மின்விசிறியை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் அங்கே இருந்தார்கள்.

அக்காவின் கட்டில் அந்தக் கூண்டைப் பார்த்த ஜன்னலோரம் கிடந்தது. பத்து வருஷமாக அவளுக்கு இழுப்பு. பெரிய டாக்டர் ஒருவர் அவள் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து பாதி, காத்து பாதி. இந்த ஜன்னலை மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லிப் போயிருந்தார். அதனால் தையல்காரருக்கு அந்த வீடு போவதென்றால் வீடு மட்டும் போவதில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வாரியத்துக்குப் போனார்.

வாரியம் பதினொரு மாடிக் கண்ணாடிக் கட்டிடத்தில் இருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே நுழைந்த மறுநிமிடம் தையல்காரருக்குப் பல் தந்தியடித்தது. வரவேற்பில் இருந்த பெண் கம்பளிச் சட்டைக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தாள். காவலாளி காதை மூடிக் குல்லாய் போட்டிருந்தார். கண்ணாடி வழியாக வந்த வெயிலில் கண் கூசியதால் எல்லாத் திரைகளும் இழுத்து மூடப்பட்டிருந்தன. திரை மூடியதால் இருட்டாகிவிட்டது. இருட்டானதால் அத்தனை விளக்குகளும் எரிந்தன. 'சூரிய ஒளி இயற்கையின் இலவசக் கொடை' என்று எழுதிய பெரிய படத்துக்கு மட்டும் தனியாக மூன்று விளக்கு.

அளவு அதிகாரி ஏழாவது மாடியில் இருந்தார். கழுத்தில் மஃப்ளர் சுற்றிய, இதமாகப் பேசுகிற மனிதர். அவரைக் குறை சொல்லக் கூடாது. உதவி செய்ய வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே அவருக்கு இருந்தது.

"பன்னெண்டு வீடு, மொத்தமா மாசம் நானூறு யூனிட்டா?" என்று அவர் கோப்பைத் திருப்பிப் பார்த்தார். "மீட்டர் ரிப்பேரா?"

"இல்லிங்க சார். நல்லாத்தான் ஓடுது."

"ஏசி?"

"இல்ல."

"லிஃப்ட்?"

"மூணு மாடிதானே சார். ஏறிடுவோம்."

"தண்ணி சுடவைக்க?"

"குளிச்சா குளிருதுன்னு யாரும் சொன்னதில்லிங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப எதைத்தான் குறைப்பீங்க?"

"அதைக் கேக்கத்தான் சார் நானே வந்தேன்."

அதிகாரிக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. திரையைக் கொஞ்சம் விலக்கி எதிர்ப்பக்கம் காட்டினார். "அந்த வணிக வளாகம் தெரியுதா? போன வருஷம் மாசம் ஒன்பது லட்சம் யூனிட். ஆளே இல்லாதப்ப ஓடற நகரும் படி, ஏசி, செயற்கை அருவி எல்லாத்தையும் நிறுத்துங்கன்னோம். நிறுத்தினாங்க. ஆறு லட்சம்! தங்கச் சான்றிதழ் குடுத்தோம். ஏன்னா அவங்ககிட்ட விஷயம் இருந்துச்சு. உங்ககிட்ட என்ன இருக்கு சொல்லுங்க?"

"நாங்க ஏற்கெனவே கம்மியாத்தானே சார் இருக்கோம்?"

"கம்மியா இருக்கறது வேற, கம்மி ஆக்கறது வேற. வாரியம் ஆக்கறதுக்குத்தான் இருக்கு." அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. "இது முன்னாடி எவ்வளவு. இது பின்னாடி எவ்வளவு. இது வித்தியாசம். இந்த மூணாவது கட்டத்துலதான் எங்க உசிரே இருக்கு. உங்களுக்கு இதுல நான் என்ன எழுதுவேன்? பூஜ்யம்னு எழுதினா சிவப்புப் பலகை. வாரியம் ஆரம்பிச்ச தேதிக்கு முன்னாடி செஞ்ச சிக்கனத்தை எழுத இதுல கட்டமே கிடையாது."

தையல்காரர் கைகூப்பாத குறையாகச் சொன்னார்: "எங்கக்காவுக்கு இழுப்புங்க சார். அந்த வீட்டை விட்டுப் போனா..."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை. அவர் சொன்னது முழுக்கச் சட்டப்படியான விஷயம். "அடுத்த மாசம்தான் உங்க தெருவுக்கு அடிப்படை மாசம். அந்த ஒரு மாசம் நீங்க எவ்வளவு எரிக்கிறீங்களோ அதுதான் முதல் கட்டம். எரிங்க."

"எதைங்க?"

"கரண்டை. அதுக்கப்புறம் நிறுத்திடுங்க. குறைஞ்சிடும். குறைஞ்சா சான்றிதழ்."

"எரிக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லிங்களே சார்."

"அதுக்கும் திட்டம் இருக்கு" என்று அதிகாரி மலர்ந்தார். "அடிப்படை உயர்த்தும் உதவித் திட்டம். உங்களை மாதிரி வசதி இல்லாத கட்டிடங்களுக்குன்னே இயக்குநர் கொண்டுவந்தது. வீட்டுக்கு ரெண்டு ஹீட்டர் இலவசமா இரவல் தருவோம். அந்த மாச பில்லையும் வாரியமே கட்டிடும். கையெழுத்துப் போடுங்க."

தையல்காரர் போட்டார். வீட்டைக் காப்பாற்றுவதற்கு ஒரு மாதம் கொஞ்சம் கஷ்டப்படலாம் என்று நினைத்தார். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இருபத்து நான்கு ஹீட்டர்களும் ஒரு லாரியில் வந்து இறங்கின. முதல் நாள் அவற்றைப் போட்டதும் மின்கம்பிகள் பொசுங்கி நாற்றமடித்தன. இத்தனை வீணடிப்பைத் தாங்கும் கம்பி அந்தக் கட்டிடத்தில் இல்லை. வாரியமே ஆளனுப்பித் தடித்த கம்பிகளை இழுத்துக் கொடுத்தது. சிக்கனம் என்று வந்துவிட்டால் வாரியம் செலவைப் பார்ப்பதே இல்லை.

கோடையின் நடுவில், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, பன்னிரண்டு வீட்டாரும் காலையிலிருந்து மாலைவரை ஹீட்டர் முன் குந்தியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஹீட்டர் அதே கரண்டைத்தான் எரிக்கும்; ஆனாலும் சாத்தியிருக்க வேண்டும் என்று வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்தது. தையல்காரர் இஸ்திரிப்பெட்டியைச் சூடாகவே வைத்திருக்க வேண்டி, ஒரே சட்டையை நாள் முழுவதும் தேய்த்தார். நான்காம் நாள் அந்தச் சட்டை வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது. வாடிக்கையாளர் வந்து கேட்டதற்குக் கோடைக்கு ஏற்ற துணி என்று சொல்லிச் சமாளித்தார்.

கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொள்வதும் அவ்வளவு சுலபமில்லை. கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்தான் அதில் ரொம்பத் திண்டாடினார். அறையை விட்டு வெளியே வந்தால் அவர் கை தானாகப் போய் விளக்கை அணைத்துவிடும். நாற்பது வருஷப் பழக்கம். வாரியம் ஒரு மேற்பார்வையாளரை அனுப்பியிருந்தது. அவர் மாடிப்படியில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருப்பார். சுவிட்ச் 'டக்'கென்றால் ஓடிவருவார்.

"யாரு அணைச்சது?"

வாத்தியார் எழுந்து நிற்பார். "நான்தாங்க. கை தவறிடுச்சு."

"இப்படி ஆளாளுக்கு மிச்சம் புடிச்சா கரிக்குறைப்பு எப்படிங்க நடக்கும்? படிச்சவர்தானே நீங்க?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொள்வார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர். பிறகு அவர் தன் வலக்கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடக்கப் பழகினார்.

அக்கா முதல் வாரத்தைக் கேலி செய்தே கழித்தாள். "பொசுக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு, நல்லா திருப்பித் திருப்பிப் போட்டுப் பொசுக்கு தம்பி. ஒரு பக்கம் வேகாம போயிடப் போகுது" என்பாள். இரண்டாவது வாரம் பேச்சு குறைந்தது. மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் அவள் எழுந்து உட்கார்ந்து, கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

இரண்டாம் மாடி நர்ஸம்மா ஓடிவந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய் மெயின் சுவிட்சை இழுத்துக் கீழே தள்ளினார். கூண்டு ஜன்னலைத் திறந்தார். அரைமணி நேரம் கழித்து அக்காவுக்கு மூச்சு திரும்பியது. தையல்காரர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார்.

மேற்பார்வையாளரும் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அரை நாள் சிக்கனம் நடந்துவிட்டதால் அடிப்படை மாதத்தை இரண்டு நாள் நீட்டிக்க வேண்டியிருக்கும் என்று தெரிவித்தார்.

அந்த இரண்டு நாளும் சேர்த்து எரித்து முடித்தார்கள். அக்காவின் அறை ஹீட்டர்களை மட்டும் மாடிப்படியில் வைத்து எரித்தார்கள். மேற்பார்வையாளர் அவற்றின் சூடு தாங்க முடியாமல் தெருவுக்குப் போய் நின்றார். கடைசிக் கணக்கு பன்னிரண்டாயிரம் யூனிட். லாரி வந்து ஹீட்டர்களை ஏற்றிக்கொண்டு அடுத்த ஏழைக் கட்டிடத்துக்குப் போனது. ஜன்னல்கள் திறந்தன. அடுத்த மாதம் மீட்டர் பழையபடி நானூறு காட்டியது.

வாரியத்தில் முதலில் யாரும் நம்பவில்லை. மூன்று பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு குறைந்திருந்தது. வணிக வளாகம் எங்கே, இது எங்கே! அளவு அதிகாரி மூச்சிரைக்க மூன்று மாடியும் ஏறிவந்து தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐயா, இந்த வருஷத்து முதல் விருது உங்களுக்குத்தான். இயக்குநரே நேர்ல வராரு!"

சிவப்புப் பலகை இல்லை என்பது மட்டும்தான் தையல்காரர் காதில் விழுந்தது. அன்று அவர் பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தார்.

இயக்குநர் பதினொரு கார்களோடு வந்தார். பின்னால் மேடை விளக்குக்காக ஜெனரேட்டர் லாரி ஒன்று வந்தது. கூண்டுக்குள்ளேயே மேடை போட்டிருந்தார்கள். இயக்குநர் கனத்த கோட்டு அணிந்திருந்தார். அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர். மேடையில் ஏறியவர் சட்டென்று நின்றார். கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினார். பிறகு கோட்டையே கழற்றிவிட்டார்.

"எங்கேருந்து வருது இந்தக் காத்து?" என்று கேட்டார்.

இரண்டு பொறியாளர்கள் மெஷினைத் தேடிப் போனார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். படிக்கட்டின் அடியில் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

"சுவிட்ச் எங்கே இருக்கு?" என்று இயக்குநர் கணக்கு வாத்தியாரைக் கேட்டார்.

"மேல வெயில் அடிக்குது இல்லிங்களா, அதுதாங்க சுவிட்ச்" என்றார் வாத்தியார். "சூடான காத்து அந்தப் பக்கமா ஏறிடும். குளிர்ந்த காத்து இந்தப் பக்கமா வந்துடும். அவ்வளவுதாங்க."

"அணைக்கவே முடியாதா?"

"சாயங்காலம் தானே குறைஞ்சிடுங்க."

இயக்குநர் இதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! மூன்று மாதங்களுக்கு முன் இந்தக் கட்டிடம் எப்படி இருந்தது? பன்னிரண்டாயிரம் யூனிட்! கொளுத்தும் கோடையில் இவர்கள் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் புள்ளிவிவரத்தோடு பேசுகிறேன். இப்படி விரயத்தில் ஊறிக் கிடந்த மக்களைக் கைதூக்கி விட்டது யார்? நான் தற்பெருமை பேசுகிறவன் அல்ல. ஆகவே வாரியம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டல். வாத்தியாரின் வலக்கை சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

"எங்களுக்கும் தோல்விகள் உண்டு. மறைக்க மாட்டேன். எங்கள் தலைமை அலுவலகத்தின் மின்செலவைக் குறைக்கப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழு குழுக்கள் அமைத்தோம். குழுக்கள் உட்கார இடமில்லாமல் இரண்டு மாடிகள் கூடுதலாகக் கட்டினோம். அவர்கள் நிதானமாக யோசிக்க வேண்டுமே என்று அங்கே கூடுதலாகக் குளிரூட்டினோம். செலவு ஏறியதே தவிர இறங்கவில்லை. ஏன்? இன்று இங்கே நின்றபோதுதான் எனக்கு விடை கிடைத்தது. தவறு எங்கள் மீது இல்லை. கட்டிடத்தின் மீது!"

இன்னும் பலத்த கைதட்டல். இயக்குநர் கையை உயர்த்தி அடக்கினார்.

"இந்தக் காற்றைப் பாருங்கள். சிக்கனத்துக்காகவே உழைக்கும் நானூறு அதிகாரிகள் அங்கே குளிரில் விறைத்துக்கொண்டிருக்க, இப்படிப்பட்ட ஒரு கட்டிடம் சும்மா சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவதற்குப் பயன்படலாமா? ஆகவே, உங்கள் பலத்த கரவொலிக்கு இடையே அறிவிக்கிறேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வாரியத்தின் தலைமை அலுவலகம் இதே முன்மாதிரிக் கட்டிடத்தில் இயங்கும்!"

வழக்கத்தை விடாமல் எல்லோரும் கைதட்டினார்கள். தையல்காரரும் தட்டினார். நாலாவது தட்டில்தான் விஷயம் அவருக்கு உறைத்தது. கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"குடியிருப்போர் கவலைப்பட வேண்டாம்" என்றார் இயக்குநர். "நாங்கள் காலி செய்யும் கண்ணாடிக் கட்டிடத்தில் ஏழாவது மாடி உங்களுக்கு. லிஃப்ட் உள்ள கட்டிடம்! இதை நாங்கள் வெளியேற்றம் என்று சொல்வதில்லை. ஏற்றம் என்று சொல்கிறோம்."

பிறகு தையல்காரரை மேடைக்கு அழைத்து விருதைக் கொடுத்தார். கருங்கல்லில் செதுக்கிய ஓர் இலை. ஏழு கிலோ. இயக்குநரும் அளவு அதிகாரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அதைத் தூக்கினார்கள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தையல்காரர் படத்துக்கு நின்றார். மேலே மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மாதம் பிறப்பதற்குள் மாற்றிவிட்டார்கள். ஏழாவது மாடியைப் பலகைத் தடுப்புகளால் பன்னிரண்டாகப் பிரித்திருந்தார்கள். வாத்தியாருக்குப் பழைய ஜெராக்ஸ் அறை கிடைத்தது. தையல்காரருக்கு மூன்றாவது குழுவின் கூட்ட அறை. தையல் மெஷின் ஒரு நீள மேசையின் தலைமாட்டில் நின்றது. முன்பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, பின்னால் சமையலுக்கு ஒதுக்கிய மூலையிலும் கண்ணாடி. ஜன்னல் என்று ஒன்றுமில்லை. வெயில் காலை ஏழுமணிக்கு உள்ளே வந்தால் மாலைவரை போகாது.

ஏசி ஓடவில்லை. அது பதினொரு மாடிக்கும் சேர்த்து ஒரே மெஷின்; ஒரு மாடிக்காக ஓட்டினால் விரயம் என்று சீல் வைத்துவிட்டார்கள். அதே காரணத்தால் லிஃப்டும் ஓடவில்லை.

தையல்காரர் மறுபடி அளவு அதிகாரியைத் தேடிப் போனார். பழைய வீட்டுக்கே போக வேண்டியிருந்தது. அங்கே கூண்டிலிருந்து தூசி விழுந்து கோப்புகள் பாழாவதாகச் சொல்லி மேலே கண்ணாடி போட்டு மூடியிருந்தார்கள். மூடியதும் புழுக்கமாகிவிட்டதால் சுவரெல்லாம் ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே தடித்த கம்பிகள் இழுத்திருந்தது ரொம்ப வசதியாகப் போயிற்று. அதிகாரி கழுத்தில் மஃப்ளரைக் காணோம். மேசைமேல் தயாராக மடித்து வைத்திருந்தார்.

"ஐயா, வாங்க வாங்க! நீங்க அதிர்ஷ்டக்காரருங்க" என்றார் அவர். "அந்தக் கட்டிடத்தோட அடிப்படை என்ன தெரியுமா? எங்க பழைய பில்தான். மாசம் ரெண்டு லட்சம் யூனிட்! குறைக்கறதுக்கு அங்க கடலாட்டம் கிடக்கு. நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். சும்மா இருந்தாலே அடுத்த விருது."

"அக்காவால மூச்சு விட முடியல சார். ஒரு ஜன்னல் மட்டும் திறந்து குடுங்க."

அதிகாரி கட்டிட வரைபடத்தை விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். "அங்க ஜன்னலே இல்லிங்களே. இருந்தா திறக்க மனு குடுக்கலாம். இல்லாத ஜன்னலைத் திறக்க எப்படி அனுமதி குடுக்கறது? அது கண்ணாடிச் சுவர்ங்க. சுவரைத் திறக்கற படிவம் எங்ககிட்ட இல்ல." அவர் முகத்தில் மறுபடியும் அந்த உண்மையான வருத்தம் வந்தது. "ஒண்ணு பண்ணலாம். படிவம் உருவாக்க ஒரு குழு போடச் சொல்றேன்."

தையல்காரர் நன்றி சொன்னார். அதுதான் அவருடைய வழக்கம். ஏழு மாடியும் ஏறி வீட்டுக்கு வந்தபோது, கூட்ட அறை வாசலில் நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, உதடு நீலமாயிடுச்சு" என்றார் அவர். "மருந்து குடுத்துட்டேன். ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாச்சு. ஆனா அவங்க ஏழு மாடி ஏறி வந்து ஸ்ட்ரெச்சர்ல இறக்கற வரைக்கும் தாங்கணும். இந்தப் புழுக்கத்துல தாங்காது. காத்து வேணும். இப்பவே வேணும்."

தையல்காரர் அக்காவைப் பார்த்தார். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் மட்டும் அவரையே பார்த்தன. கேலி எதுவும் அந்தக் கண்களில் மிச்சமில்லை. இத்தனை நாளும் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, கையெழுத்துப் போட்டு, கைதட்டியும் விட்டு, கடைசியில் இவளைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தது நான்தானே என்று நினைத்தபோது அவருக்கு அவர்மேலேயே அடங்காத கோபம் வந்தது.

ஆனால் அவர் தையல்காரர். அளக்காமல் எதையும் வெட்டிப் பழக்கமில்லை. சாக்கட்டியை எடுத்துக் கண்ணாடியில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சதுரம் வரைந்தார். கீழே எட்டிப் பார்த்தார். கீழே வேலி போட்ட பசுமைப் பகுதி. புல்லைத் தவிர யாருக்கும் அங்கே அனுமதி இல்லை. "அக்காவுக்குப் போர்வையைப் போர்த்துங்க, நர்ஸம்மா. நீங்களும் தள்ளிக்குங்க" என்றார்.

பிறகு மேசைமேலிருந்த விருதை இரண்டு கையாலும் தூக்கினார். அன்று மேடையில் இரண்டு பேர் தூக்கியதை இப்போது ஒற்றை ஆளாகத் தலைக்கு மேலே தூக்கி, சதுரத்தின் நடுவில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

வரைந்தது இரண்டடிதான். விழுந்தது முழுச் சுவரும். ஏழடிக் கண்ணாடி மொத்தமும் கல்லுப்பு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து பசுமைப் பகுதியில் கொட்டியது. அந்த இடத்தில் வானம் இருந்தது. ஏழாவது மாடிக் காற்று, பல வருஷமாக வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்த காற்று, ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்தது. மூன்றாவது குழுவின் பழைய காகிதங்கள் அலமாரியிலிருந்து கிளம்பிப் பறந்தன. யாரும் பிடிக்கவில்லை.

அக்கா போர்வையை விலக்கினாள். ஒரு மூச்சு இழுத்தாள். அது பாதியில் நின்றது. இன்னொன்று இழுத்தாள். நர்ஸம்மா அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். தையல்காரர் விருதைக் கையில் வைத்தபடியே நின்றார். கீழே வைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் ஏறியது.

"வருது" என்றார் நர்ஸம்மா. "வந்துடுச்சு."

அப்போதுதான் தடுப்புக்கு வெளியே ஆள் அரவம் கேட்டது. சத்தம் கேட்டுப் பன்னிரண்டு வீட்டாரும் வந்து நின்றிருந்தார்கள். எல்லோர் தலைமுடியும் காற்றில் பறந்தது. யாரிடமும் பதற்றம் இல்லை. வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வலக்கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

"அந்த விருதைக் கொஞ்சம் குடுங்களேன். ஒரு நிமிஷ வேலை. முடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"அவருக்கப்புறம் எங்க வீட்டுக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நாங்களும் வரிசையிலதான் நிக்கறோம்" என்றது இன்னொன்று.

தையல்காரர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் ஒரு மூச்சு நிதானமாக இழுத்து விட்டாள். மெல்லிய குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"குடு தம்பி. ஆனா சீக்கிரம் கொண்டாரச் சொல்லு. காத்து உள்ள வந்தா மட்டும் போதுமா, வெளிய போக வேணாமா? சமையல் மூலைப் பக்கம் இன்னொண்ணு பாக்கி இருக்கு."